கூப்பிட்ட முறையும் ஏற்ற முறையும்

கோவளம் கரையில் ஏலம் முடிந்து சில்லறை வியாபாரம் தொடங்கும் நேரத்தில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

“இன்னாக்கா, சங்கரா எவ்ளோ?”

“ஐந்நூறு குடு கண்ணு.”

“முந்நூறு வெச்சுக்கக்கா.”

“வேணும்னா எடு சார். இல்லன்னா வுடு.”

விலை ஒரு காசு இறங்கவில்லை. உறவு மட்டும் ஏறி இறங்கிவிட்டது. ‘கண்ணு’ என்றவர் ‘சார்’ என்கிறார். ‘சார்’ மரியாதைச் சொல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் தன்னை வெளியாளாக்கிவிட்டார் என்பது வாங்க வந்தவருக்கு அந்த நொடியே புரிந்துவிடும். கூடவே ‘எடு’, ‘வுடு’ என்று வினைச்சொல் ஒருமையிலேயே நிற்கிறது. கூப்பிட்ட சொல் தள்ளி நிறுத்துகிறது, வினைச்சொல் பணிய மறுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க எந்தப் பள்ளியும் சொல்லித் தருவதில்லை. இருந்தும் கரையில் நிற்கிற பத்து வயதுப் பையனுக்கும் அது பிடிபடும்.

இது எப்படி முடிகிறது என்பதுதான் கேள்வி. பேசுகிற ஒவ்வொரு பேச்சுக்கும் இரண்டு அடுக்கு உண்டு, ஒன்று செய்தி, மற்றது பேசுபவர்களுக்கு இடையிலான உறவு என்று உளவியலாளர் வாட்ஸ்லாவிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1967இல் எழுதினார்கள். உளவியலில் அது பெரிய திறப்பாகக் கருதப்பட்டது. தமிழில் பேசுகிறவருக்கு அது அன்றாடப் பாடு. வா, வாங்க, வாடா, வாம்மா, வாப்பா என்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் ஒருவரை உள்ளே கூப்பிட முடியாது. கூப்பிட்டாலே உறவைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொன்னதாகிவிடும்.

செங்கல்பட்டு வட்டாரத்தையும் மாமல்லபுரம் கரையையும் முன்னிறுத்தி, இதுவரை ஆய்வாளர்கள் சொன்னவற்றையும் ஊர் வழக்கையும் இந்தக் கட்டுரை அருகருகே வைத்துப் பார்க்கிறது. உறவுச்சொல் ஒரு கோரிக்கை. கேட்டவர் திருப்பிக் கொடுக்கும் சொல்லில்தான் அதன் பொருள் முடிவாகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பட்டியல் போட்டவர்கள்

தமிழ் உறவுமுறையை உலக ஆய்வுக்குள் கொண்டுபோனவர் தமிழ்நாட்டுக்கு வந்தே இராத ஒருவர். அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஹென்றி ஸ்கட்டரை 1859இல் சந்தித்துத் தமிழ் உறவுப்பெயர்களைக் கேட்டறிந்தார். அப்பாவின் அண்ணனும் தம்பியும் பெரியப்பா, சித்தப்பா என்று ‘அப்பா’ வரிசையில் வருகிறார்கள். அம்மாவின் அக்காவும் தங்கையும் பெரியம்மா, சின்னம்மா என்று ‘அம்மா’ வரிசையில் வருகிறார்கள். அப்பாவின் சகோதரி மட்டும் அத்தை, அம்மாவின் சகோதரர் மட்டும் மாமா. தான் அறிந்த அமெரிக்கப் பழங்குடியினரான செனகா இராக்வா மக்களிடமும் இதே அமைப்பு இருப்பதைக் கண்டு மார்கன் அசந்துபோனார். 1871இல் வெளிவந்த அவருடைய பெருநூல் 139 இனக்குழுக்களின் உறவுப்பெயர்களைத் திரட்டியது. அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இந்த ஒற்றுமையையே அவர் சான்றாக்கினார். அந்த முடிவு இன்று நிற்கவில்லை. ஆனால் தமிழ் உறவுப்பெயர்கள் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல, கணக்காக அமைந்தவை என்ற கவனிப்பு நின்றுவிட்டது.

அந்தக் கணக்கின் சூத்திரத்தை எழுதியவர் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன். மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே ஆய்வு செய்தவர். தமிழ் உறவுப்பெயர்கள் ரத்தத்தை மட்டும் சொல்பவை அல்ல, யாரிடம் பெண் எடுக்கலாம், யாரிடம் கூடாது என்று சொல்பவை என்று 1953இல் வாதிட்டார். ஊர்ப் பேச்சில் இதற்குப் பெயர் பங்காளி, மாமன் மச்சான். எதிரில் நிற்கிற யாரும் இந்த இரண்டில் ஒரு பக்கம்தான். பின்னால் தாமஸ் டிரவுட்மன் 1981இல் வெளியிட்ட திராவிட உறவுமுறை பற்றிய நூலில் இந்த அமைப்பைத் தென்னிந்தியா, இலங்கை முழுவதும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

இந்த மரபின் பலம் பட்டியல், பலவீனமும் அதுவே. யார் யாருக்கு என்ன முறை வேண்டும் என்பதை அது சொல்லும். மறைமலைநகர் ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாதவரை ஒரு பெண் ‘அண்ணா’ என்பதன் காரணத்தை அது நேரடியாகச் சொல்லாது.

வா, வாங்க, வர்றது

அந்த வேலையை எடுத்துக்கொண்டவர்கள் மொழியியலாளர்கள். ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைச் சொற்களை ஆராய்ந்து, அவற்றுக்குள் அதிகாரம், நெருக்கம் என்ற இரண்டு அச்சுகள் ஓடுவதைக் காட்டினார்கள். ஒருவர் ‘நீ’ என்று சொல்லி மற்றவர் ‘நீங்க’ என்றால் அதிகாரம். இருவரும் ஒரே சொல்லைச் சொன்னால், அது நெருக்கமோ தூரமோ, சமநிலை.

பெனலப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் எழுதி, 1987இல் தனி நூலாக வந்த மரியாதைக் கோட்பாடு உலகமெங்கும் பாடமாயிற்று. அது நின்ற மூன்று மொழிகளில் ஒன்று தமிழ். கோயம்புத்தூர் மாவட்டக் கிராமத்தில் லெவின்சன் சேகரித்த பேச்சு அது. எல்லோருக்கும் காப்பாற்ற வேண்டிய ‘முகம்’ உண்டு, மரியாதை என்பது அடுத்தவர் முகம் கோணாமல் காரியத்தை நடத்துவது என்பது அதன் சாரம். ‘முகங்கொடுத்துக்கூடப் பேசல’ என்று புலம்புகிற நமக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கவுரை வேண்டியதில்லை.

இலக்கணம் இதை முன்பே குறித்து வைத்திருக்கிறது. ஒருவரைப் பன்மையால் சொல்வது உயர்வு கருதி உலக வழக்கில் வருவது என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் பிரித்துக் காட்டுகிறது. விளிமரபு என்று தனி இயலே வைத்து, முறைப்பெயர்கள் விளியாகும்போது எப்படித் திரியும் என்றும் பேசுகிறது. கூப்பிடுவது தனியாக ஆராய வேண்டிய காரியம் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல.

ஆனால் ‘நீ’ குறைவு, ‘நீங்க’ உயர்வு என்று சூத்திரம் போட்டால் வீட்டு வாசலிலேயே இடிக்கும். செங்கல்பட்டுப் பக்கம் பல வீடுகளில் அப்பா ‘நீங்க’, அம்மா ‘நீ’. அம்மாவுக்கு மரியாதை இல்லை என்று யாரும் அதைப் படிப்பதில்லை. சாமியும் ‘நீ’தான். கொங்கு நாட்டில் தவழும் குழந்தையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்பார்கள். அதைக் கேட்ட வடமாவட்டத்துக்காரர் கிண்டலோ என்று ஒரு நொடி சந்தேகப்படுவார். இதே சொல் கோவையில் கொஞ்சல், வாலாஜாபாத்தில் நையாண்டி.

யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் பேச்சில் உயிரோடு இருக்கின்றன. சமவயதினரும் கணவன் மனைவியரும் நடுப்படியில் நின்று பேசிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த நடுப்படி பெரும்பாலும் உடைந்துவிட்டது. அந்த இடத்தை நம்மவர்கள் வேறு வழியில் நிரப்புகிறார்கள். எதிரில் இருப்பவர் வயது, வேலை, சாதி எதுவும் பிடிபடவில்லை என்றால் செங்கல்பட்டு ரயில் நிலையப் பெஞ்சில் பேச்சு இப்படிப் போகும்: “எங்கருந்து வர்றது?” “மதுராந்தகம்.” “வேல எங்க பாக்கறது?” “மகிந்திரா சிட்டி.” “சாப்பாடு ஆச்சா?” நீயும் இல்லை, நீங்களும் இல்லை. வினையைத் தொழிற்பெயராக்கி, ஆளை வாக்கியத்திலிருந்தே கழற்றிவிட்ட பேச்சு. மூன்றாவது கேள்விக்குள் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். அதன்பின் ‘சார்’ வரும், அல்லது ‘தம்பி’ வரும். அந்தத் தாமதமே ஒரு நாகரிகம்.

பேர் சொல்லாத வீடு

வீட்டுக்குள் உறவுச்சொல் குறைந்து, சொல்லாமையே சொல்லாகிறது. கணவன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை இன்னும் இருக்கிறது. ‘என்னங்க’, ‘இந்தாங்க’, ‘குமார் அப்பா’ என்று சுற்றிப் போவார்கள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் பேரனைச் சொல்லச் சொல்லும் ஆயாக்கள் உண்டு. இளம் மனைவி பெயர் சொல்லிக் கூப்பிடும்போது கணவன் அதைக் காதலாகவும் மாமியார் அதைத் திமிராகவும் படிப்பது ஒரே சமையலறையில் நடக்கும். ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பது பிழை ஆகாது. அந்த வீட்டில் இரண்டு உறவுகள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கின்றன.

மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக் தமிழ்க் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து எழுதி 1990இல் வெளியிட்ட நூல், அன்பு இங்கே தன்னை எப்படி ஒளித்துக்கொள்கிறது என்று விரிவாகக் காட்டியது. அடக்கம், பழக்கம், கடுமை போன்றவற்றின் வழியாக அன்பு வெளிப்படுவதை அவர் பட்டியலிட்டார். ‘சனியனே, சாப்டியா?’ என்ற தாயின் குரலில் வசவைக் கேட்பவர் வெளியாள், சாப்பாட்டைக் கேட்பவர் பிள்ளை. புகழ்ச்சிதான் சந்தேகத்துக்குரியது. திடீரென்று ‘வாங்க, உக்காருங்க’ என்று அண்ணன் தம்பியை வரவேற்றால், பாகப்பிரிவினையில் ஏதோ விவகாரம் என்று பொருள்.

கல்யாணப் பேச்சில் இது உச்சத்துக்குப் போகும். பத்திரிகையை நேரில் வந்து தட்டில் வைத்துக் கொடுத்தார்களா, வாட்ஸ்ஆப்பில் தட்டிவிட்டார்களா, வாசலில் ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை கேட்டார்களா, தாய்மாமனை முதலில் அழைத்தார்களா என்பதையெல்லாம் வைத்து ஆண்டுக்கணக்கான கோபங்கள் உருவாகும். ‘சோத்துக்கா போனோம், ஒரு வார்த்த கேக்கலியே’ என்பதில் பிடித்துக்கொள்ளப்படுவது செய்தி அடுக்கு அல்ல, உறவு அடுக்கு.

கரையில்

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரக் குப்பங்களில் உறவுப் படிப்பு இன்னும் இறுக்கமானது. குப்பம் பெரும்பாலும் ஒரே சமூகம், கொள்வினை கொடுப்பினை கரையோர ஊர்களுக்குள்ளேயே. அதனால் படகில் உடன் வருகிறவர் நிஜத்திலேயே பங்காளியாகவோ மச்சானாகவோ இருப்பார். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசும்போது அதே மச்சான் ‘தலைவரே’ ஆவார். வீட்டில் மாமன், ஊர்க் கூட்டத்தில் தலைவர் என்று ஒரே ஆளுக்கு இரண்டு சொற்கள் இருக்கும். இடம் மாறிச் சொன்னால் சண்டை. கூட்டத்தில் ‘மாமா’ என்றால் சலுகை கேட்கிறான் என்று மற்றவர்கள் படிப்பார்கள்.

மாசி மாதப் பௌர்ணமியில் மாமல்லபுரம் கடற்கரை வேறு ஒரு உறவுக் களமாகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று பல பக்கங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மாசி மகத்துக்கு வந்து, சேலையாலும் கழிகளாலும் கொட்டகை கட்டி மணலில் தங்கி, கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். பெண் பார்ப்பதும் நிச்சயிப்பதும் தாலி கட்டுவதும் அந்த மணலிலேயே நடக்கும். செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டு என்று சிதறிப் பிழைக்கும் மக்கள், யார் யாருக்கு என்ன முறை என்பதை ஆண்டுக்கொருமுறை நேரில் புதுப்பித்துக்கொள்ளும் கூடல் இது.

மீதி நாளெல்லாம் அவர்கள் கேட்பது வேறு பேச்சு. நரைத்த தலைக்காரரையும் ‘ஏய்’, ‘வாடா’ என்று விளிக்கிற வழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. அதைவிட நுட்பமானது முதலாளியின் ‘நம்ம பையன்’. ‘நாம’ கேட்பவரையும் உள்ளே சேர்க்கும், ‘நாங்க’ வெளியே நிறுத்தும் என்று இலக்கணம் சொல்லும். முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்டவர் வாயில் ‘நம்ம’ என்பது சேர்த்துக்கொள்வதாகாது, உடைமையாக்குவது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அந்த ‘நம்ம’வை எந்தச் சட்டமும் தொடவில்லை.

செங்கல்பட்டு, 1929

விளிச்சொல் தானாகப் பழுத்து விழும், மனிதர்கள் அதை மாற்ற முடியாது என்று நினைப்பவர்களுக்கு இந்த மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. 1929 பிப்ரவரியில் முதலாவது சுயமரியாதை மாநில மாநாடு செங்கல்பட்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடியது. பெண்களுக்குச் சொத்துரிமை போன்றவற்றோடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்றும் அது தீர்மானித்தது. தமிழ்நாட்டில் இன்று பெயரோடு சாதி ஒட்டாதது இயல்பாகத் தெரிகிறது என்றால், அந்த இயல்புக்கு ஒரு தேதியும் ஊரும் உண்டு.

பட்டம் போன இடம் காலியாக இருக்குமா? அதை நிரப்பப் பல சொற்கள் போட்டி போட்டன. ஐரோப்பியப் பயணத்திலிருந்து 1932இல் திரும்பிய பெரியார் எல்லோரையும் ‘தோழர்’ என்று அழைக்கச் சொன்னார். கட்சி வட்டங்களில் அது நிலைத்தது, சந்தைக்குள் வரவில்லை. மக்கள் ஏற்றுக்கொண்டது குடும்பத்திலிருந்து எடுத்த சொல்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த காஞ்சிபுரத்தில் 1909இல் பிறந்த சி.என். அண்ணாதுரை ‘அண்ணா’ ஆனார். 1955 முதல் ‘தம்பி’க்குக் கடிதங்கள் எழுதினார். மு. கருணாநிதியின் ‘உடன்பிறப்பே’, ஜெயலலிதாவுக்கு வாய்த்த ‘அம்மா’ எல்லாம் அந்த வழியில் வந்தவை.

தோழர் தோற்று அண்ணா வென்றதற்கு ஒரு காரணம் சொல்லலாம். தோழருக்குக் கொள்கை இருக்கிறது, கடமைப் பட்டியல் இல்லை. அண்ணனுக்கு உண்டு: தம்பிக்காகப் பேச வேண்டும், சண்டைக்கு முன்னால் நிற்க வேண்டும், அவன் தவறையும் சுமக்க வேண்டும். உறவுச்சொல்லை ஏற்றவர் அந்தப் பாரத்தையும் ஏற்கிறார் என்று கேட்பவர் கணக்குப் போடுகிறார். அதன் மறுபக்கமும் உண்டு. அண்ணனிடம் தம்பி கணக்குக் கேட்க முடியாது. சாதிப் பட்டம் போன இடத்தில் வந்தமர்ந்த குடும்பச் சொல், மூத்தவர் இளையவர் என்ற படிக்கட்டைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது.

ஜிஎஸ்டி சாலையில்

துய்மோனின் சூத்திரம் இன்று அதிகம் வேலை செய்வது கல்யாண மண்டபத்தில் அல்ல, ஜிஎஸ்டி சாலையில். இரவு வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் ஏறும் பெண் ஓட்டுநரை ‘அண்ணா’ என்கிறாள். ‘அண்ணா, பொத்தேரில நிறுத்துங்க.’ அவரை மாமன் மச்சான் பக்கத்திலிருந்து பெயர்த்துப் பங்காளிப் பக்கம் நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கம் காதலுக்கு இடமில்லை. அவர் ‘சரிம்மா’ என்றால் வேலி நின்றது. ‘நான் என்ன உனக்கு அண்ணனா?’ என்று சிரித்தால், அந்தச் சிரிப்பில் நட்பு இல்லை என்பது அவளுக்கும் கூட இருக்கிற பயணிகளுக்கும் தெரியும். இதே சூத்திரத்தைக் கல்லூரிப் பையன்கள் தலைகீழாகப் போடுகிறார்கள். மச்சி, மச்சான், மாப்ள எல்லாம் கேலி செய்ய உரிமையுள்ள பக்கத்துச் சொற்கள். கொள்வினை உறவினரிடையே கேலி உரிமை பல சமூகங்களிலும் உண்டு என்று மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940லேயே எழுதியிருக்கிறார். அண்ணனைக் கலாய்க்க முடியாது, மச்சானைக் கலாய்க்காமல் இருக்க முடியாது.

வயது இன்னொரு கண்ணிவெடி. முப்பத்தைந்து வயதுக்காரரைக் கடைப்பையன் ‘ஆன்டி’ என்றால் அந்தக் கடைக்கு அவர் மறுமுறை போவது சந்தேகம். ‘அக்கா’ என்றால் பத்து ரூபாய் கூடுதலும் தெரியாது. தொழிற்சாலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் முதலில் கற்கும் தமிழ்ச் சொற்களில் ‘அண்ணா’ ஒன்று. அவர்கள் எல்லோரையும் அண்ணா என்கிறார்கள். திரும்பி வருவது எப்போதும் ‘தம்பி’ அல்ல, ‘டேய்’யாகவும் இருக்கிறது.

மூன்று உரைகல்

இவற்றையெல்லாம் தொகுத்தால், ஊர் மக்கள் உறவைப் படிக்க மூன்று உரைகற்களைப் பயன்படுத்துவது தெரிகிறது.

முதலாவது, சொல் திரும்பி வருகிறதா? இருவரும் ‘வாடா’ என்றால் நட்பு. ஒருவர் ‘வாடா’, மற்றவர் ‘வாங்க ஐயா’ என்றால் அங்கே சாதியோ பணமோ உட்கார்ந்திருக்கிறது. பிரவுனும் கில்மனும் கண்டதும் இதுவே.

இரண்டாவது, சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது? ‘அண்ணே’ என்று ஆரம்பித்தவர் கடன் கேட்கப் போகிறாரா, கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறாரா? உறவுச்சொல்லை முன்பணமாகக் கொடுத்துக் காரியத்தை வாங்குகிறவரை மக்கள் மிக வேகமாக இனம் கண்டுகொள்கிறார்கள்.

மூன்றாவது, யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? இரண்டு பேர் தனியே இருக்கும்போது சொன்ன ‘டேய்’, மூன்றாமவர் எதிரில் வேறு பொருள் கொள்ளும். இந்த உரைகல்லைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியது குற்றமாக வேண்டுமானால், அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் வெளியார் இல்லாமல் நடந்ததற்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. கேட்ட மனது நான்கு சுவருக்குள்ளும் புண்படும் என்பது வேறு விஷயம்; சட்டத்துக்கு ஒரு மூன்றாவது காது வேண்டியிருக்கிறது.

சமத்துவத்தின் திசை

சுவீடனில் 1967இல் சுகாதாரத் துறைத் தலைவர் புரோர் ரெக்செட் ஊழியர் எல்லோரையும் ‘நீ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். சில ஆண்டுகளில் நாடே அந்தப் பக்கம் சாய்ந்தது. கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் மாத்தூர் ஊராட்சி 2021இல் தன் அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ என்ற விளிகளை விலக்கியது. இரண்டும் படியைக் குறைத்துச் சமன் செய்த முயற்சிகள்.

தமிழில் அந்த வழி எடுபடாது. ஒருமை இங்கே தாய்க்கும் தெய்வத்துக்கும் நண்பனுக்கும் கொடுத்தது போக, நூற்றாண்டுக் கணக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள் மீது எறியப்பட்ட சொல்லாகவும் இருந்திருக்கிறது. எல்லோரையும் ‘நீ’ என்றால், ஏற்கெனவே ‘நீ’ என்று கேட்டுப் புண்பட்டவருக்கு எதுவும் மாறியிருக்காது. இங்கே சமத்துவம் மேல்நோக்கித்தான் போக முடியும்: காவல் நிலையத்தில், வட்டாட்சியர் அலுவலகத்தில், அரசு மருத்துவமனை வரிசையில், பூஞ்சேரியிலிருந்து வரும் நரிக்குறவர் பெண்ணுக்கும் இருளர் முதியவருக்கும் ‘வாங்க, உக்காருங்க’ கிடைப்பது. நெருக்கம் வேண்டுகிறவர்கள் தமக்குள் ‘வாடா’ சொல்லிக்கொள்ளட்டும். அது இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. பொது இடத்தில் அந்த முடிவை ஒருவரே எடுக்கக் கூடாது.

1929 தீர்மானம் பெயருக்குப் பின்னால் இருந்ததைத் தொட்டது, வினைச்சொல்லின் கடைசியில் இருப்பதைத் தொடவில்லை. அது ஒரு மாநாட்டில் நிறைவேறுகிற வேலையும் அல்ல. ஆனால் அரசுப் பணியில் சேருகிறவருக்குக் கோப்பு எழுதக் கற்றுக்கொடுப்பதுபோல், எதிரில் நிற்கிறவரை எப்படி விளிப்பது என்பதையும் கற்றுக்கொடுக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, செலவும் கிடையாது.